நேராக ஓடாத பக்கி: பிழை முன்சக்கரத்தில் இல்லை

முதல் பதிவு

நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, பின்சக்கரங்கள் மட்டும் உந்தும், ரிமோட்டில் ஓடும் மின்சார பக்கி (கரடுமுரடான தரையில் ஓட்டும் மாதிரிக் கார்) ஒன்றை இரண்டு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். கோடையில் எங்கள் ஊர்க் கண்மாய் வற்றிவிட்டால், மேலே பொடிமண்ணும் அடியில் இறுகிய களிமண்ணுமாக அருமையான களம் கிடைத்துவிடும். சென்ற சித்திரையில் அங்கே ஒரு வரப்பின் மேல் ஏறித் தாவிய வண்டி, வலது பின்சக்கரம் முதலில் தரையில் மோதும்படி விழுந்தது. உடைந்ததாக எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் அன்று முதல், விசையை முழுதாக அழுத்தினால் மூக்கு இடப்பக்கம் ஓடத் தொடங்கியது.

எல்லோரும் முதலில் செய்வதையே நானும் செய்தேன். ரிமோட்டில் ஸ்டியரிங்கின் நடுநிலையைச் சற்றே நகர்த்தும் டிரிம்மைத் திருப்பி, மெதுவாகப் போகும்போது நேராக ஓடும்படி சரிக்கட்டினேன். மெதுவாகப் போகையில் நேராகவே போயிற்று. விசையைக் கூட்டினால் மறுபடியும் இடப்பக்கம்தான். முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளான டை ராடுகளைக் கழற்றி, இரண்டையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்தும் பயனில்லை. இரண்டு வாரம் நான் முன்பக்கத்தையே நோண்டிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

பிறகு ஒரு கண்ணாடிப் பலகையைச் சமதளமாக வைத்து, பேட்டரியையும் பொருத்தி, வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து இரண்டு முறை விழவிட்டு, சஸ்பென்ஷன் தன் இயல்பான உயரத்தில் அமர்ந்த பின் அளந்தேன். சேஸியின் (அடிச்சட்டத்தின்) நடுக்கோட்டுக்கு இணையாக இரு பக்கமும் நூல் பிடித்து, ஒவ்வொரு பின்டயரின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று பார்த்தேன். டயரின் விட்டம் ஏறக்குறைய 85 மி.மீ. என்பதால், ஒரு பாகை டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் நடுக்கோட்டிலிருந்து திரும்பியிருக்கும் கோணம்) என்பது இந்த இரு அளவுகளுக்கும் இடையே சுமார் 1.5 மி.மீ. வித்தியாசமாகத் தெரியும். இடச்சக்கரத்தில் 4.5 மி.மீ. இருந்தது, அதாவது இவ்வகை பக்கிகளில் வழக்கமாக வைக்கும் மூன்று பாகை டோ இன் (முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பிய நிலை). வலச்சக்கரத்தில் 1.5 மி.மீ. கூட முழுதாக இல்லை.

காரணம் அப்போதுதான் விளங்கியது. டோ இன் உள்ள இரு பின்சக்கரங்களும் ஒன்றையொன்று நோக்கி அழுத்துவதால்தான் வண்டியின் பின்புறம் நிலையாக நிற்கிறது. வலச்சக்கரம் அந்த அழுத்தத்தை இழந்ததும், இடச்சக்கரம் தனியாகப் பின்புறத்தை வலப்பக்கம் தள்ளியது. மூக்கு இடப்பக்கம் திரும்பியது. விசை கொடுக்கும்போது எடை பின்னுக்குச் சென்று முன்சக்கரங்களின் பிடி தளர்வதால், டிரிம்மில் செய்த சரிக்கட்டல் அங்கே எடுபடவில்லை.

வலது பின்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை, சேஸியோடு சேர்ந்து மேலும் கீழும் அசையும் கீலின் ஊசியை உருவிக் கண்ணாடியின் மேல் உருட்டினேன். அது நொண்டி நொண்டி உருண்டது. ஊசிக்கு அடியில் வெளிச்சக் கீற்று ஒன்று தோன்றுவதும் மறைவதுமாக இருந்ததைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

மறுமொழி

என்னுடையது நான்கு சக்கரமும் உந்தும் டிரக். வளைவில் சட்டென நுழைய வேண்டும் என்பதற்காக முன்சக்கரங்களில் பக்கத்துக்கு இரண்டு பாகை டோ அவுட் (முன்விளிம்பு வெளிநோக்கித் திரும்பிய நிலை) வைத்திருந்தேன். குறுகிய வளைவுகளில் அது நன்றாக உதவியது. ஆனால் நீண்ட நேர்ப்பாதையில் வேகம் ஏறியதும், ஒவ்வொரு சிறு மேட்டிலும் மூக்கு இங்கும் அங்குமாக அலைந்தது. பூஜ்யத்துக்குக் கொண்டுவந்ததும் அலைச்சல் பெருமளவு அடங்கியது. மீதி இருந்த ஆட்டம் கோணத்தால் வந்ததன்று. டை ராடின் பந்துமுனைக் கிண்ணங்கள் தேய்ந்து தளர்ந்திருந்தன. தளர்வு இருக்கும்வரை எந்தக் கோணத்தை அளந்தாலும் அந்த அளவு வீண்தான். சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு அளப்பது என்பதை இப்போது வழக்கமாகக் கொண்டுள்ளேன்.

மற்றொரு மறுமொழி

1984இல் வெளியான டமியா நிறுவனத்தின் ஹார்னெட் பக்கியின் மறுவெளியீடு என்னிடம் உள்ளது. அதில் பின் அச்சு கியர்பெட்டியோடு சேர்ந்தே அசைவதால் பின்பக்கம் டோவையோ கேம்பரையோ (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணத்தையோ) மாற்ற வழியில்லை. டயரையும் ஷாக் ஸ்பிரிங்கையும் மாற்றித்தான் பின்புறத்தை அடக்க முடிந்தது. ஆகவே மேலே எழுதிய நண்பர் பின்சக்கரத்தை அளந்தது எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. கீல் ஊசி வளைந்திருப்பதைக் கழற்றாமலே அறிய வழி உண்டா?

முதல் பதிவர்

உண்டு. ஷாக்கின் கீழ்முனையை மட்டும் விடுவித்து, கீழ்க்கையைச் சக்கரத்தோடு தூக்கி விட்டுப் பாருங்கள். அது தன் எடையிலேயே தடையின்றி விழ வேண்டும். நடுவில் தயங்கி நின்றால் ஊசியையே முதலில் சந்தேகிக்கலாம். என் வண்டியில் வலப்பக்கம் பாதியில் நின்றது. இரு பக்கமும் புதிய ஊசிகளைப் போட்ட பிறகு, இருபுறமும் 4.5 மி.மீ. காட்டுகிறது. மூலைமட்டம் வைத்துப் பார்த்து, பின்கேம்பரை மேல்விளிம்பு உட்சாய்ந்தபடி ஒரு பாகையில் நிறுத்தியுள்ளேன். ரிமோட்டின் டிரிம் இப்போது நடுவில் இருக்கிறது.