ரொறன்ரோவில் பேஸ்மென்ட்டை எயார்பிஎன்பியில் போடமுன்

ஸ்காபரோவில் வீடு வாங்கியதும் பலர் போடும் கணக்கு: மேலே நாங்கள் இருப்போம், பேஸ்மென்ட்டை எயார்பிஎன்பியில் (சில நாள் தங்க வருபவருக்கு இடம் வாடகைக்கு விடும் இணையத்தளம்) விட்டால் மோட்கேஜில் பாதி வந்துவிடும். பிழை அங்கேதான். 28 நாளுக்குக் குறைந்த வாடகையை உங்கள் முதன்மை வதிவிடத்தில் மட்டுமே நகரசபை அனுமதிக்கிறது. தனிக் குசினி, குளியலறையோடு தனி அலகாக இருக்கும் பேஸ்மென்ட் வேறொரு வதிவிடமாகவே பார்க்கப்படும். வீட்டு உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும், மேலே வசிக்கும் நீங்கள் கீழே அப்படி விட முடியாது. அங்கேயே குடியிருப்பவர்தான் விடலாம்.

நீங்கள் வசிக்கும் பகுதியில் மூன்று அறைகள் வரை ஆண்டு முழுதும் விடலாம். ஊருக்குப் போகும்போது முழு வீட்டையும் விடுவதென்றால் ஆண்டுக்கு 180 இரவுகள்தான்.

விளம்பரத்துக்கு முன் நகரசபையில் பதிய வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்தில் பழைய விலாசம் கிடந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். வீடு மாறி 6 நாளுக்குள் அதை மாற்றுவது ஒன்ராறியோவில் எப்படியும் கட்டாயம். கிடைக்கும் பதிவு இலக்கத்தை எல்லா விளம்பரத்திலும் போடுங்கள், முகநூல் பதிவிலும்கூட.

பதியாமல் விட்டால் அபராதத்தோடு முடியாது. 2024 முதல், உள்ளூர் விதியை மீறிய குறுகியகால வாடகைக்குச் செலவுக் கழிவு கிடையாது. உதாரணமாக, வாடகை 12,000 டொலர், வட்டியும் மின்சாரமும் திருத்தவேலையுமாகச் செலவு 9,000 டொலர் என்றால், 3,000க்கு அல்ல, முழு 12,000க்கும் வருமானவரி. வாடகையும் மற்ற வியாபாரமும் சேர்ந்து நான்கு காலாண்டில் 30,000 டொலரைத் தாண்டினால் எச்எஸ்டி என்ற விற்பனை வரிக்கான பதிவும் வேண்டும். எயார்பிஎன்பி போன்ற இணையத்தளம் இல்லாமல் நேரடியாக ஆள் பிடித்தால் நகரசபையின் தங்குமிட வரியை நீங்களே அறவிட்டுக் கட்ட வேண்டும்.

கொண்டோ என்றால் நகரசபைக்கு முன் கட்டட நிர்வாகத்தின் விதிகளை வாசியுங்கள். அங்கே தடை இருந்தால் நகரசபைப் பதிவு உதவாது. காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள். சாதாரண வீட்டுக் காப்புறுதி பெரும்பாலும் காசு கொடுத்துத் தங்குபவரால் வரும் சேதத்தை ஏற்காது.

ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் புகை அலாரம் இருக்க வேண்டும். 911 விபரமும், வெளியேறும் வழியைக் காட்டும் வரைபடமும் விருந்தினருக்குக் கட்டாயம். இரண்டையும் அறைக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.