ஸ்கீ மலையடிவாரக் காட்டில் முதல் குளிர்கால விடுமுறை: என்ன செய்யலாம், எங்கே தவறும்

கேள்வி:

வணக்கம். வெளிநாடு வந்த பிறகு எங்களுக்கு இது முதல் குளிர்காலம். ஒரு ஸ்கீ மலையின் அடிவாரத்தில் மூன்று நாள் தங்க அறை போட்டிருக்கிறோம். நாங்கள் இருவர், எட்டு வயதில் மகள், கூடவே அறுபது தாண்டிய அம்மா அப்பா. யாருக்கும் ஸ்கீ தெரியாது. மலையைச் சுற்றி ஊசியிலைக் காடு. வெளியே போய் என்னென்ன செய்யலாம்? எதில் கவனமாக இருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

முதல் பதில்:

உடையிலிருந்து தொடங்குகிறேன். முதல் தடவை போகிறவர்களின் மூன்று நாளும் பெரும்பாலும் இதில்தான் வீணாகிறது. ஜீன்ஸ், பருத்தி டி-ஷர்ட், பருத்தி சாக்ஸ் எல்லாவற்றையும் அறையிலேயே விட்டுவிடுங்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. ஏறும்போது வியர்க்கும்; நின்ற ஐந்தாவது நிமிடம் அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுக்க ஆரம்பிக்கும். ஜாக்கெட் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் உள்ளே நனைந்திருந்தால் நடுக்கம் நிற்காது.

மூன்று அடுக்காகப் போடுங்கள். உடம்போடு ஒட்டியிருப்பது மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், மேலும் கீழும். அதன்மேல் ஃப்ளீஸ், அதாவது மென்மையான செயற்கைக் கம்பளி மேலாடை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். ஒரே கனமான ஜாக்கெட்டைவிட இது நல்லது. நடக்கும்போது நடு அடுக்கைக் கழற்றிப் பையில் வைத்து, நின்றதும் போட்டுக்கொள்ளலாம். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும் என்று அர்த்தம்.

கைக்கு, விரல்கள் தனித்தனியாக இருக்கும் க்ளவ்ஸைவிட, நான்கு விரலும் ஒரே பையில் இருக்கும் மிட்டன் அதிகச் சூடு தரும். மகளுக்கு மிட்டனே வாங்குங்கள், இரண்டு ஜோடியாக. ஒரு ஜோடி மதியத்துக்குள் நிச்சயம் நனையும்.

வானிலையில் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள், காற்றையும் பாருங்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். இப்படிக் காற்றோடு சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைய ஆரம்பிக்கலாம். உயரமும் கணக்கில் உண்டு: 1000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் சுகமாக இருந்தால் உச்சியிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

குழந்தையின் கன்னத்தையும் மூக்கு நுனியையும் காது மடலையும் அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். நம் நிறத்துத் தோலில் சிவப்பதும் வெளுப்பதும் சட்டென்று தெரியாது. சாம்பல் பூத்த மாதிரி ஒரு திட்டு, தொட்டால் மெழுகு போல விறைப்பு, உணர்ச்சி இல்லை என்றால் உடனே உள்ளே கூட்டிப் போய் வெறும் உள்ளங்கையால் மூடிச் சூடாக்குங்கள். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். மரத்துப்போன காலை ஹீட்டர் அருகே நீட்டவும் கூடாது. உணர்ச்சி இல்லாத தோல் சுடுவது தெரியாமலே வெந்துவிடும். தோல் விறைப்பு விடாவிட்டால் மருத்துவ உதவிதான்.

வெயிலையும் சொல்ல வேண்டும். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மேகமாக இருந்தாலும் சன்ஸ்கிரீனும் கண்ணாடியும் வேண்டும். தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் விளிம்பிலும் தடவ மறக்காதீர்கள். கதிர் கீழிருந்தும் வருகிறது.

இரண்டாவது பதில்:

ஸ்கீ தெரியாது என்பதால் அதை ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு நாள் ஒதுக்கி, பயிற்சியாளரிடம் வகுப்பு எடுங்கள். தெரிந்த நண்பர் சொல்லித் தருவார் என்று போவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நண்பருக்கு ஓட்டத் தெரியும், நீங்கள் ஏன் விழுகிறீர்கள் என்று பார்த்துச் சொல்லத் தெரியாது. பெரும்பாலும் உங்களுக்கு மீறிய சரிவுக்குக் கூட்டிப் போய்விடுவார்.

வாடகைக்கு எடுக்கும்போது எடை, உயரம், வயது, அனுபவம் கேட்பார்கள். உண்மையை எழுதுங்கள். ஸ்கீயை பூட்ஸோடு பிடித்திருக்கும் பைண்டிங், எவ்வளவு விசை வந்தால் விடுபட வேண்டும் என்பதை இதை வைத்துத்தான் திருகி வைக்கிறார்கள். எடையைக் குறைத்து எழுதினால் திரும்பும்போதே ஸ்கீ கழன்று போகும். அனுபவத்தைக் கூட்டி எழுதினால் விழும்போது கழலாது. அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும்.

பூட்ஸ் அளவு பார்க்கும் விதம்: நிமிர்ந்து நின்றால் கால்விரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் பின்வாங்கி, தொடுவது விட்டுப்போக வேண்டும். குதிகால் மேலே எழக் கூடாது. உள்ளே ஒரே ஒரு மெல்லிய உயரமான சாக்ஸ். குளிரும் என்று இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும் அதிகமாகக் குளிரும், மடிப்பு விழுந்த இடத்தில் கொப்புளமும் வரும். தெர்மல் பேன்ட்டின் நுனியையும் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள். காலுறை தவிர உள்ளே எதுவும் இருக்கக் கூடாது.

புதியவர்கள் செய்யும் தவறு கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றுதான். வேகம் கூடியதும் பயந்து பின்னால் சாய்வார்கள். பின்னால் சாய்ந்தால் ஸ்கீயின் முன்பகுதியில் எடை இருக்காது, திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது, வேகம் இன்னும் கூடும். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பு எப்போதும் பூட்ஸின் நாக்கை, அதாவது முன்பக்க மடலை, அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அந்த அழுத்தம் விட்டுப்போனால் பின்னால் சாய்ந்துவிட்டீர்கள். நிறுத்த, இரண்டு ஸ்கீயின் முன்நுனிகளையும் நெருக்கி, பின்நுனிகளை அகட்டி, உள்விளிம்பில் அழுத்துங்கள். முன்நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது.

விழுந்தால் எழுவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு ஸ்கீயையும் உடம்புக்குக் கீழே, சரிவின் பள்ளப் பக்கமாகக் கொண்டுவாருங்கள். அவை சரிவுக்குக் குறுக்கே கிடக்க வேண்டும். பிறகு மேட்டுப் பக்கம் கையை ஊன்றி எழுங்கள். நுனி கீழ்நோக்கி இருந்தால் எழும்போதே வழுக்கிக்கொண்டு போகும். முடியவில்லையா, ஒரு ஸ்கீயைக் கழற்றிவிட்டு எழுவதில் தவறே இல்லை.

சேர்லிஃப்டில், அதாவது கம்பிவடத்தில் தொங்கி மேலே போகும் இருக்கையில், ஏறும்போது முதுகுப்பையைக் கழற்றி மடியில் வையுங்கள். இறங்குமிடத்தில் வார் இருக்கையில் மாட்டிக்கொண்டால் ஆபத்து. கோல்களின் கைவார்களைக் கழற்றி இரண்டையும் ஒரே கையில் பிடியுங்கள். புதியவர் என்று ஊழியரிடம் சொன்னால் லிஃப்டின் வேகத்தைக் குறைப்பார். இறங்கியதும் அங்கேயே நிற்காமல் ஒதுங்கிவிடுங்கள், பின்னால் அடுத்த இருக்கை வந்துகொண்டே இருக்கும்.

சரிவுகளின் கடினத்தைக் காட்டும் நிறங்கள்: வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஐரோப்பாவில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். சில நாடுகளில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. நிறம் அந்தந்த மலைக்குள் மட்டுமே பொருந்தும் ஒப்பீடு. ஒரு மலையின் நீலம் இன்னொன்றின் கறுப்பளவு செங்குத்தாக இருக்கலாம். எங்கேயும் மாறாத விதி ஒன்று உண்டு: முன்னால், அதாவது கீழே, போகிறவருக்கே முன்னுரிமை. பின்னால் வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும். நிற்பதானால் ஓரத்தில் நில்லுங்கள், மேலிருந்து வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில்.

துணைக்கேள்வி:

மிக்க நன்றி அண்ணா. நான் பவர் கண்ணாடி போடுகிறவள். காகில்ஸ் எப்படிப் போடுவது? ஸ்கீ போகாத அடுத்த நாள் காட்டுக்குள் நடக்கலாமா?

இரண்டாவது பதில் தந்தவர்:

கண்ணாடிக்கு மேலே போடுகிற மாதிரி உள்பள்ளம் ஆழமான காகில்ஸ் இருக்கிறது தங்கச்சி, வாடகைக் கடையில் கேளுங்கள். ஆவி படிவதைத் தடுக்க, ஓய்வெடுக்கும்போது வியர்த்த நெற்றிக்குத் தூக்கி வைக்காதீர்கள். உள்பக்கக் கண்ணாடியைத் தேய்த்துத் துடைக்கவும் வேண்டாம், ஆவி தடுக்கும் பூச்சு கீறிப்போகும். துணியால் ஒற்றி எடுங்கள். காட்டு நடையைப் பற்றி அக்கா சொல்வார், அது அவருடைய துறை.

மூன்றாவது பதில்:

நடக்கலாம்மா. என்னைக் கேட்டால் மூன்று நாளில் அதுதான் சிறந்த நாளாக இருக்கும். ஸ்னோஷூ வாடகைக்கு எடுங்கள். பனியில் புதையாமல் உங்கள் எடையைப் பரப்பித் தாங்குகிற அகலமான பாதச் சட்டம் அது. எடை வரம்பு போட்டிருக்கும். உடை, பை எல்லாம் சேர்த்த எடைக்கு எடுக்க வேண்டும். கால்களை வழக்கத்தைவிடச் சற்று அகட்டி வைத்து நடங்கள், இல்லையென்றால் ஒரு சட்டத்தை இன்னொன்று மிதித்து விழுவீர்கள். பின்னோக்கி நடக்க முயல வேண்டாம், வால் பனியில் குத்திக்கொள்ளும், வட்டமடித்துத் திரும்புங்கள். செங்குத்தாக ஏறும்போது குதிகாலுக்கு அடியில் இருக்கும் கம்பியைத் தூக்கி விட்டால் கெண்டைக்காலுக்கு வலி குறையும். கோடையில் ஒரு மணி நேரம் ஆகும் பாதைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

குறியிட்ட ஸ்னோஷூ பாதையில் மட்டும் போங்கள். குறுக்குநாட்டு ஸ்கீக்காக (பெரும்பாலும் சமதளத்தில் நடை போல ஓட்டுவது) இரட்டைத் தடம் இழுத்த பாதை பக்கத்திலேயே இருக்கும். அதில் மிதித்தால் தடம் உடைந்து, ஓட்டி வருகிறவர் விழுவார்.

இப்போது முக்கியமான விஷயம். ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைகள் குடை போல விரிந்து, விழும் பனியைத் தண்டின் அருகே சேரவிடாது. அதனால் தண்டைச் சுற்றிப் பொலபொலவென்ற பனியும் காற்றுமாக ஒரு குழி உருவாகிறது. மேலிருந்து பார்த்தால் சமதளம்தான் தெரியும், குழி தெரியாது. ஸ்கீயில் போகிறவர் அதில் தலைகீழாக விழுந்தால், அசைய அசையப் பனி சரிந்து மூடும். தானே வெளியே வருவது மிகக் கடினம், மூச்சுத் திணறிவிடும். காட்டோர மலைகளில் ஆழமான புதுப் பனி விழுந்த நாட்களில் இது உண்மையான ஆபத்து. எனவே கிளைகள் விரிந்திருக்கும் வட்டத்துக்குள் போகவே வேண்டாம், படம் எடுப்பதற்காகக்கூட. மரங்களுக்கிடையே போகிறவர்கள் எப்போதும் ஒருவர் கண்ணில் ஒருவர் இருக்க வேண்டும். சறுக்கி விழுவது தெரிந்தால் கிளையையோ தண்டையோ பற்றிக்கொள்ளுங்கள், தலை மேலே இருக்கட்டும். புதைந்துவிட்டால் திமிறாமல் வாய்க்கு முன்னால் கையால் இடம் பண்ணிக்கொள்ளுங்கள். துணை நிற்பவர், ஆள் கூப்பிடச் சத்தம் கொடுத்துக்கொண்டே உடனே தோண்ட வேண்டும், காலைப் பிடித்து இழுக்காமல் பக்கவாட்டிலிருந்து தலையை நோக்கி.

கயிறு கட்டி மூடிய எல்லையைத் தாண்டாதீர்கள். யாரோ போன தடம் அங்கே தெரிந்தாலும் அது பாதுகாப்புக்கு அத்தாட்சி ஆகாது. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவுகளில் நடக்கிறது. அங்கே போகிறவர்களுக்கு டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் நீள ஊசிக்கோல், மண்வாரி மூன்றும் வேண்டும், மூன்றையும் பயன்படுத்தப் பயிற்சியும் வேண்டும். முதல் வருடம் அது உங்களுக்கானது அல்ல.

சிறு விஷயங்கள் இரண்டு. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்து உறையும், அதனால் மூடி அடைபடாது. போனை உள் சட்டைப் பையில் உடம்போடு வையுங்கள், குளிரில் பேட்டரி திடீரென்று அணைந்துவிடும். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். மலை நிழல் விழும் பக்கத்தில் அஸ்தமனத்துக்கு வெகு முன்பே இருட்டும், ஆளுக்கொரு தலைவிளக்கு இருக்கட்டும்.

முதல் பதில் தந்தவர்:

அம்மா அப்பாவுக்கு கோண்டோலா, அதாவது கம்பிவடத்தில் போகும் மூடிய பெட்டி, போதும், உட்கார்ந்தபடியே காட்டின் மேலாகப் போய் வரலாம். காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள், எனவே காலையிலேயே போய்விடுங்கள். கடைசியாகக் கீழே வரும் நேரத்தை ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உச்சி 2500 மீட்டருக்கு மேல் என்றால், இதயம் அல்லது நுரையீரல் சிக்கல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் மலையில் அல்ல, கார் நிறுத்துமிடத்தில்தான்; பகலில் உருகி இரவில் இறுகிய பனிக்கட்டி அங்கேதான் இருக்கும். ஷூவின் அடியில் மாட்டும் ரப்பர் முள்பட்டை வாங்கிக் கொடுங்கள். கட்டடத்துக்குள் போகும்போது கழற்ற வேண்டும், டைல்ஸில் அது வழுக்கும்.

மகளுக்குச் சறுக்குப் பலகை. உட்கார்ந்து, கால் முன்னால், ஹெல்மெட்டோடு. தலை முன்னால் நீட்டிப் படுத்துப் போக விடாதீர்கள். சரிவின் முடிவில் மரம், வேலி, சாலை, கார் எதுவும் இல்லாத நீண்ட சமதளம் இருக்க வேண்டும். திரும்ப ஏறுவது ஓரமாக. ஸ்கீ பாதையில் சறுக்குப் பலகைக்கு இடமில்லை, தனியாக ஒதுக்கிய சரிவு எங்கே என்று கேளுங்கள்.

உறைந்த ஏரியைக் கண்டால் எல்லோருக்கும் நடந்து பார்க்க ஆசை வரும். ஒருவர் நடக்கத் தெளிவான, இறுகிய பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. வேண்டும். வெள்ளையாகக் கலங்கிய பனிக்கட்டிக்குப் பலம் அதில் பாதிதான். ஓடை வந்து சேரும் இடமும் வெளியேறும் இடமும் எப்போதும் மெலிந்திருக்கும். அந்த ஊர் நிர்வாகம் அளந்து திறந்துவிட்டதாக அறிவிப்பு இல்லையென்றால் இறங்காதீர்கள்.

நான்காவது பதில்:

வண்டியையும் காப்பீட்டையும் யாரும் சொல்லவில்லையே. டயரின் பக்கத்தில் மூன்று முகட்டு மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்கிறதா பாருங்கள், அதுதான் குளிர்கால டயர். சங்கிலி தேவைப்படும் சாலை என்றால் இஞ்சின் சுழற்றும் சக்கரங்களில் மாட்டுங்கள். வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பழகிவிட்டுப் போங்கள். பனியில் சிக்கி இஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்க நேர்ந்தால், முதலில் இறங்கிப் புகைக்குழாயை மூடிய பனியைத் தள்ளுங்கள். இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனை கிடையாது. காப்பீட்டில் குளிர்கால விளையாட்டும் மலையிலிருந்து மீட்கும் செலவும் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் அது இருப்பதில்லை. மலை மீட்புக் குழுவின் எண்ணை லிஃப்ட் அட்டையிலோ வரைபடத்திலோ போட்டிருப்பார்கள், எல்லோருடைய போனிலும் கிளம்பும் முன்பே பதிந்து வையுங்கள்.