அம்மாயி பாடிய மீதி வரி

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை:

போன வருடம் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலை நூலகத்துக்குப் புத்தகம் வாங்கக் கொஞ்சம் பணம் கிடைத்தது. முதலில் அலுமாரியில் இருந்ததை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். வினாத்தாள் தொகுப்புகள், பொது அறிவு, ராஜா ராணிக் கதைகள். தேயிலை ஏற்றுமதிப் பயிராக வருகிறது. கொழுந்து பறிக்கிறவர்கள் எதிலுமே இல்லை.

மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' வாங்கி வைத்தேன். தரம் 9 பிள்ளை ஒருத்தி அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள், "டீச்சர், நான் பாதி வரி வாசிச்சதும் மீதியை அம்மாயியே பாடிட்டாங்க. இதுல இல்லாத ரெண்டு பாட்டும் பாடினாங்க" என்று கொப்பியை நீட்டினாள். அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. பேத்தி கேட்டு எழுதியிருக்கிறாள். அந்தக் கொப்பித் தாள்களுக்கும் நூலகப் பதிவேட்டில் ஓர் இலக்கம் போட்டேன்.

அப்புறம் அவள் கேட்டது: "அம்மாயியோட அண்ணன் ஏன் இந்தியாவுக்குப் போனார்?" 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இங்கே என்று பிரித்தது. ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருந்த அண்ணன் அங்கே, தங்கை இங்கே. "பரீட்சைக்கு வராததை ஏன் வாங்குறீங்க?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். பிள்ளை கேட்டுவிட்டாளே, அதற்குப் பதில் நூலகத்தில் இருக்க வேண்டாமா?

பதுளைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர்:

டீச்சர், எனக்கு நடந்தது வேறு மாதிரி. மலையகக் கதை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு புத்தகத்தை வாசிக்காமலே வாங்கினேன். அதில் தோட்டத்து அப்பாக்கள் எல்லாரும் குடிகாரர்கள். தரம் 7 பையன் அதைத் திருப்பித் தந்து, "எங்க அப்பா குடிக்க மாட்டார் சேர்" என்றான். அன்று முழுக்க மனது சரியில்லை. நம்மைப் பற்றிய புத்தகம் என்பது மட்டும் போதாது, அதில் நாம் எப்படி இருக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது எதையும் முழுதாக வாசித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் பற்றிய கதைகளையும் தேடி வாங்குகிறேன். அந்தப் பையன் இந்த மாதம் மூன்று புத்தகம் எடுத்துப் போயிருக்கிறான். அம்மாயியின் பாட்டுகளுக்கு ஒரு பிரதி எங்களுக்கும் அனுப்புவீர்களா?