பிஎச்.டி. கைடு: எச்-இன்டெக்ஸ் 39 உள்ளவரா, 18 உள்ளவரா?

குழித்துறை மாணவி:
எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்து ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) வாங்கிவிட்டேன். திருவனந்தபுரத்தில் ஆர்கானிக் பிரிவில் இரண்டு கைடுகள் இடம் தருகிறார்கள். ஒருவருக்கு கூகுள் ஸ்காலரில் எச்-இன்டெக்ஸ் 39, முதல் பேப்பர் வந்து 26 வருஷம் ஆகிறது, மெத்தடாலஜியோடு (புது ரியாக்ஷன் முறைகள் கண்டுபிடிப்பது) கொஞ்சம் சோலார் செல் மெட்டீரியல்களும் பண்ணுகிறார். இன்னொருவருக்கு 18, முதல் பேப்பர் வந்து 12 வருஷம், முழுக்க டோட்டல் சிந்தசிஸ் (இயற்கையில் கிடைக்கும் சிக்கலான மூலக்கூறை எளிய பொருள்களிலிருந்து படிப்படியாகச் செய்வது). எனக்கு மனசு இரண்டாமவரிடம். வீட்டிலும் காலேஜ் சாரும் பெரிய நம்பர் இருக்கிறவரிடம் போ, நாளைக்கு வேலைக்கு உதவும் என்கிறார்கள். அந்த நம்பரை எவ்வளவு நம்பலாம்?

பாறசாலை அக்கா:
தங்கச்சி, 39 என்றால் அவருடைய 39 பேப்பர்கள் ஒவ்வொன்றும் குறைந்தது 39 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். 2005ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு இது. இது ஏறும், இறங்காது. ஆள் லேப் பக்கமே வராவிட்டாலும் பழைய பேப்பர்கள் ஏற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் முதல் பேப்பரிலிருந்து ஆன வருஷங்களால் வகுத்தும் பார்க்கலாம் என்று ஹிர்ஷே சொன்னார். நீயே வகுத்துப் பார், இரண்டு பேருக்கும் 1.5 தான் வருகிறது!

அப்புறம், இரண்டு பேரும் ஒரே வேலை செய்யவில்லை. மெத்தடாலஜியில் ஒரு ரியாக்ஷன் பிடிபட்டால் சப்ஸ்ட்ரேட்டை (ரியாக்ஷனுக்குப் போடும் மூலப்பொருளை) மாற்றி மாற்றிப் போட்டுச் சீக்கிரம் பேப்பர் ஆக்கலாம், மற்றவர்கள் அதைப் பயன்படுத்தும்போதெல்லாம் சைட்டேஷன் (மேற்கோள்) வரும். சோலார் செல் பக்கம் ஆட்கள் அதிகம், அங்கே இன்னும் வேகமாக ஏறும். டோட்டல் சிந்தசிஸ் அப்படியா? வேப்பங்கொட்டையில் இருக்கும் அசாடிராக்டினைச் செய்து முடிக்க கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 வருஷம் ஆனது, 2007ல்தான் முடிந்தது. அந்த வேலையின் அருமை எச்-இன்டெக்ஸில் தெரியாது.

லைப்ரரி அண்ணன்:
கூகுள் ஸ்காலரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதேம்மா. அது தீசிஸ், ப்ரீபிரிண்ட் (ஜர்னலில் வரும் முன்பே வெளியிடும் பிரதி) எல்லாவற்றையும் எண்ணும், ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும். நம் ஊர்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது: ஒரு இனிஷியலும் ஒரு பெயரும் என்றால் அதே எஸ். குமார் பத்துப் பேர் இருப்பார்கள், யாரோ எழுதியது யாருடைய கணக்கிலோ ஏறிவிடும். ஆர்கிட் எண்ணை (ஒவ்வொரு ஆய்வாளருக்கும் உள்ள தனி அடையாள எண்) வைத்துத் தேடு. ஸ்கோபஸில் சுய மேற்கோள்களைக் கழித்துப் பார்க்கவும் வழி உண்டு. மற்றவர்கள் ஆய்வைத் தொகுத்து எழுதிய ரிவ்யூ எத்தனை, சொந்த ஆய்வு எத்தனை என்பதையும் பிரித்துப் பார்.

ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரையும் (அதன் பேப்பர்களுக்குச் சராசரியாக வரும் மேற்கோள் கணக்கு) ஆளின் மேல் ஏற்றாதே. 2008ல் ஷெல்ட்ரிக் என்ற விஞ்ஞானி, கிரிஸ்டல் அமைப்பைக் கண்டறியும் தன் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற ஜர்னலில் எழுதினார். கிரிஸ்டல் ஸ்ட்ரக்சர் போட்டவர்கள் எல்லாம் அதைக் காட்டப்போய், 2 சுமாரில் இருந்த அந்த ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர் அடுத்த வருஷமே 50-ஐ ஒட்டிப் போனது. ஒரே ஒரு பேப்பர்!

லேபில் காலம் (column) போடும் சீனியர்:
உங்க வீட்டில் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெயர் பெற்றவரின் சிபாரிசுக் கடிதத்துக்குப் போஸ்ட்டாக் தேடும்போது மதிப்பு உண்டு, ப்ராஜெக்ட் பணமும் அங்கே தாராளமாக இருக்கும். டோட்டல் சிந்தசிஸில் கடைசி ஸ்டெப் இடித்தால் நான்காம் வருஷத்திலும் கையில் பேப்பர் இல்லாமல் நிற்கலாம், அதை நினைத்துக்கொண்டு போ.

ஆனால் உன் ஐந்து வருஷத்தை முடிவு செய்வது வேறு. அந்தந்த கைடின் மாணவர்கள் முதல் ஆசிரியராக இருக்கும் பேப்பர்கள் எத்தனை, ஒவ்வொருவரும் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார். ஷோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழகத் தீசிஸ்களின் இணையத் தொகுப்பு) கைடு பெயரைப் போட்டால் தீசிஸ்கள் வரும், பலவற்றில் சேர்ந்த தேதியும் முடித்த தேதியும் இருக்கும். பேப்பரோடு இணைத்துத் தரும் சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷனைத் திறந்து, செய்த பொருள் என்ன, எவ்வளவு சுத்தம் என்று காட்டும் என்எம்ஆர் ஸ்பெக்ட்ரங்களைப் பார். சால்வென்ட் பீக்கும் (மிச்சமான கரைப்பானின் தடயம்) அசுத்தமும் நிறைந்து கிடந்தால் அந்த லேபில் யாரும் சரிபார்ப்பதில்லை என்று அர்த்தம்.

குழித்துறை மாணவி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணன்மாரே. 18 உள்ளவரின் கடைசி நான்கு பேப்பர்களிலும் மாணவர்கள்தான் முதல் பெயர், ஸ்பெக்ட்ரங்களும் சுத்தமாக இருக்கின்றன. அங்கே இருக்கும் சீனியர்களிடம் போனில் கேட்கட்டுமா?

லேபில் காலம் (column) போடும் சீனியர்:
போனில் வேண்டாம், கைடு கூடவே இருந்தால் வாய் திறக்க மாட்டார்கள். காலை ரயிலில் நேரில் போய், கேன்டீனில் உட்கார்ந்து மலையாளத்திலேயே கேள். ப்ராஜெக்டில் இன்னும் எத்தனை ஸ்டெப் மிச்சம், ரூட் இடித்தால் கைடிடம் மாற்று வழி இருக்கிறதா, இந்த இரண்டையும் கேட்காமல் திரும்பி வராதே.