மறு: 'எதிர்ப்புத்திறன்' வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

> நுண்ணுயிர் எதிர்ப்புத்திறன் என்றே இருக்கட்டுமே. எல்லோருக்கும் பழகிய சொல்தானே.

சார், வணக்கம். மருந்து கொடுத்தும் கிருமி சாகாமல் போவதற்கு என்ன பெயர் வைப்பது என்பதுதானே பேச்சு. அதில் பழகிய சொல் என்பதுதான் சிக்கலே. பாலக்கோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மகன் காசநோய் மாத்திரையை இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டான் என்று ஒரு அம்மா வந்து சொன்னார். "இப்படி விட்டால் எதிர்ப்புத்திறன் வந்துவிடும்" என்றேன். "வரட்டும் தம்பி, நல்லதுதானே" என்றார். அவர் மேல் தப்பில்லை. கொரோனா சமயத்தில் கபசுரக் குடிநீரை ஊற்றிக் கொடுத்து, எதிர்ப்புச் சக்தி, எதிர்ப்புச் சக்தி என்று ஓதியது நாம்தான்.

'உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு' என்பார்களே, அதுவும் சரியில்லை. பழகுவது உடம்பு இல்லை. ஒரு தனிக் கிருமியும் பழகுவதில்லை. நுரையீரலில் குழி விழுந்த நோயாளிக்கு அங்கே பத்துக் கோடி கிருமிகள்கூட இருக்கும். அவை பெருகும்போது மரபணுவைப் படியெடுப்பதில் நேரும் பிழையால், சுமார் பத்து லட்சத்தில் ஒன்று ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்துக்குச் சாகாது. பத்துக் கோடியில் ஒன்று ரிபாம்பிசின் என்ற இன்னொரு மருந்துக்குச் சாகாது. மருந்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே இது நடந்திருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து, அந்த ஒன்று வம்சம் வளர்க்கும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்த்துக் கொடுப்பது இதனால்தான்.

எங்கள் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் களையெடுக்கும்போது, பயிரைப் போலவே இருக்கும் ஒரு புல் கைக்குத் தப்பிவிடும். மற்ற களை போன இடத்தில் அது நன்றாகத் தூர்கட்டும். களைக்கொத்துக்குப் பயந்து அது உருமாறவில்லை, முன்பே அப்படித்தான் இருந்தது. சூழலுக்கேற்ப மாறிக்கொள்வதைச் சொல்லும் 'தகவமைப்பு' என்ற சொல்லில் எனக்கு இந்த இடம்தான் உதைக்கிறது.

என் பரிந்துரை: மருந்துமீறல். அத்துமீறல், வரம்புமீறல் போல. பன்மருந்து மீறல் என்று நீட்டவும் வசதி.

இன்னொன்று. 1944இல் ஜோசப் பிக்கர் என்ற நுண்ணுயிரியலாளர் பெனிசிலினில் சாகாமல் கிடந்த சில கிருமிகளை எடுத்து வளர்த்துப் பார்த்தார். அவற்றின் வாரிசுகள் வழக்கம்போலவே பெனிசிலினில் செத்தன. அவை மீறியவை அல்ல, மருந்து போகும்வரை அடங்கிக் கிடந்தவை. அவற்றுக்குப் 'பதுங்கி' என்று தனிப்பெயர் வேண்டும். இரண்டையும் ஒரே சாக்கில் கட்ட வேண்டாம்.

——

> என் பரிந்துரை: மருந்துமீறல்

தம்பி, கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கேழ்வரகுப் புல்லே உங்கள் சொல்லைக் கவிழ்க்கிறது. களைக்கொத்து வரும் முன்பே அப்படி இருந்த புல் எதை மீறியது? மீறல் என்றால் தெரிந்தே செய்த குற்றம் மாதிரி இருக்கிறது. 'எதற்கும் மசியமாட்டான்' என்கிறோம் இல்லையா? மருந்துக்கு மசியாமை. மசியாக் கிருமி. பன்மருந்துக்கு மசியாமை கொஞ்சம் நீளம்தான், ஆனால் விளக்கம் கேட்காது. பதுங்கி அருமை, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

——

சார், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கடையில் ஒருமுறை சொல்லிப் பார்க்காமல் எழுத மனசு வரவில்லை. அதே அம்மா நேற்று வந்தார். "பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாமல் போய்விடும்" என்றேன்.

"ஐயோ, அப்புறம் எதுக்குப்பா மசியும்?" என்று கேட்டார்.