புதுப்பிப்பு: ஓடும்போதே அணையும் புதுக் கார், பணம் திரும்ப வந்தது

நியூ ஜெர்சியில் வாங்கிய புதுக் கார் ஓடும்போதே அணைந்துவிடுகிறது, டீலரிடம் மூன்று முறை விட்டும் சரியாகவில்லை என்று மார்ச்சில் எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நான் தவறவிட்டது ஒரு கடிதம். இங்குள்ள லெமன் சட்டம் (பழுதுபார்த்தும் சரியாகாத புது வண்டிக்குப் பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும் சட்டம்) முதல் 2 ஆண்டு அல்லது 24,000 மைல், எது முந்துகிறதோ அதுவரை வரும் கோளாறுகளுக்குப் பொருந்தும். ஒரே கோளாறுக்கு இரண்டு முறை பழுதுபார்த்தும் தீரவில்லை என்றாலோ, வண்டி மொத்தம் 20 நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தாலோ, தயாரிப்பு நிறுவனத்துக்கு சர்டிஃபைடு தபாலில் (அனுப்பியதற்கு அத்தாட்சி தரும் தபால்) எழுதிக் கடைசி வாய்ப்பு தர வேண்டும். அவர்களுக்கு 10 நாள். டீலரிடம் வாயால் சொன்னதெல்லாம் கணக்கில் சேராது. இது தெரியாமல் இரண்டு மாதம், குழந்தையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அந்த வண்டியை ஓட்டினேன். இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

கடைசிப் பழுதுபார்ப்பும் பலிக்கவில்லை. மாநில நுகர்வோர் துறையின் லெமன் சட்டப் பிரிவில் விண்ணப்பித்தேன். விசாரணைக்கு முன்பே நிறுவனம் இறங்கி வந்தது. விலையோடு விற்பனை வரியும் திரும்பியது. ஓட்டியதற்குக் கழிவு உண்டு: விலையை, முதல் புகாரின்போது ஓடியிருந்த மைலால் பெருக்கி 1,00,000-ஆல் வகுப்பார்கள். 36,000 டாலர் வண்டி, 4,000 மைல். எனக்கு 1,440 டாலர் போனது.

அப்புறம், ரிப்பேர் ரசீது பற்றிக் கேட்டவருக்கு: ஒவ்வொரு முறையும் வாங்குங்கள். உள்ளே விட்ட தேதி, எடுத்த தேதி, மைல், உங்கள் புகார் நீங்கள் சொன்னபடியே, எல்லாம் அதில் இருக்கட்டும். 'கோளாறு தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தாலும் அதையும் பத்திரமாக வையுங்கள்.