கத்திக்கு முன்னால் ‘க்’ வருமா?

சேலம் அஸ்தம்பட்டி, திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டு முகாமுக்கு வரும் பிள்ளைகளுக்கான 4 பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கத்தி, திருப்புளி, குத்தூசி, டின் திறப்பான் எல்லாம் ஒரே பிடிக்குள் மடங்கிக் கிடக்குமே, அந்தக் கத்தியை வெட்டுவது தவிர வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதுதான் பொருள். உள்ளே எழுதியாயிற்று, வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன், தலைப்பில் முட்டி நிற்கிறேன். ‘பல்நோக்குக் கத்தி’ என்று போட்டால் அரசாணை வாடை அடிக்கிறது. ‘பல்கருவி’ என்றால் பல் மருத்துவர் நினைவு வருகிறது. வேறு சொல் தாருங்கள்.

சூரமங்கலம், திங்கள் மதியம்

மடிகத்தி. மடிந்த, மடிகிற, மடியும் கத்தி. ‘காலங் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை’ என்பது நன்னூல். அங்கே வல்லினம் மிகாது. ஊறுகாயில் ‘க்’ போடுகிறோமா? இல்லை அல்லவா.

செவ்வாய்ப்பேட்டை, திங்கள் மாலை

ஐயா, ‘க்’ போட்டு மடிக்கத்தி என்று வைத்தால் மடியில் செருகும் கத்தி ஆகிவிடும், மடிக்கணினிக்குப் பங்காளி. மடங்குவதும் மடியில் இருப்பதும் இரண்டுமே இதற்குப் பொருந்துகிறது. ஆனால் மடி என்றால் சோம்பலும்தான். வள்ளுவர் மடியின்மைக்கு ஓர் அதிகாரமே வைத்தார். சாணை காணாத கத்திக்கு வேண்டுமானால் அந்தப் பெயர் பொருந்தும்!

இன்னொன்று. முள் எடுக்கும் உறுப்பை ‘இடுக்கி’ என்று எழுதியிருக்கிறீர்கள். கொலுசுப் பட்டறையில் அது சாமணம். முள் நுழைந்த வாட்டத்திலேயே, தோலை ஒட்டிப் பிடித்து இழுக்க வேண்டும் என்றும் சேருங்கள். குறுக்கே இழுத்தால் நுனி ஒடிந்து உள்ளேயே தங்கும்.

ஏற்காடு, செவ்வாய்

தோட்டத்தில் கேட்டால் மடக்குக்கத்தி. அதற்கு மேல் ஆராய்ச்சி இங்கே கிடையாது.

சொல்லைவிடப் பயன்தான் திருத்த வேண்டியிருக்கிறது. குத்தூசியில் காது உள்ள வகை என்றால் அது கோணூசி. கிழிந்த காப்பிச் சாக்கைத் தைக்க, காதில் நூலைக் கோத்து ஒரு குத்துக் குத்தி, தையல் ஓடும் நீளத்துக்குச் சற்று மிகையாக அந்தப் பக்கம் நூலை இழுத்துவிட்டு ஊசியை வெளியே எடுங்கள். அடுத்த குத்தில் ஊசியைக் கொஞ்சம் பின்னிழுத்தால் கண்ணி விழும். விட்ட நூலை அதற்குள் நுழைத்து இரு பக்கமும் இறுக்குங்கள். இது பூட்டு இல்லாத கத்தி. ஊசியை நேராக அழுத்தாமல் மடங்கும் பக்கம் சாய்த்தால் விரல் மேலேயே மூடிக்கொள்ளும். இதைப் பெரிய எழுத்தில் போடவும்.

கார்க் திருகியை விட்டுவிட்டீர்கள். நனைந்து இறுகிய கயிற்று முடிச்சில் அதன் நுனியை நுழைத்து மெல்ல ஆட்டினால் இளகும். கத்தியால் நெம்பினால் கயிறு அறும். டின் திறப்பானின் முனை நட்சத்திரத் திருகாணிக்கும் பொருந்தும்.

குகை, செவ்வாய் இரவு

‘கத்தி’ என்ற பின்னொட்டே எல்லாவற்றுக்கும் சரிவராது. 1891இல் சுவிட்சர்லாந்துப் படைக்கு முதலில் போனதில் நான்கே உறுப்பு: அலகு, குத்தூசி, டின் திறப்பான், திருப்புளி. திருப்புளி துப்பாக்கியைக் கழற்ற. கார்க் திருகி 1897இல் அதிகாரிகளுக்கான வகையில் வந்தது. அதுவரை கத்திதான், சரி. ஆனால் 1983இல் அமெரிக்காவில் லெதர்மேன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவிக்கு நடுநாயகம் குறடு. அலகு அதற்குத் துணை. ஆகவே குறட்டுக்கத்தி, கத்திக்குறடு என இரண்டு சொல் வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை, செவ்வாய் இரவு

பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள், ஐயா.

சூரமங்கலம், புதன்

படை என்றதும் நினைவு வந்தது. தோட்டத்தில் செடி வெட்டுவதும் கவாத்து, சிப்பாய்ப் பயிற்சியும் கவாத்து. பயிற்சிக் கவாத்து உருதுவழி வந்த சொல். ஏற்காட்டார் கவாத்துக் கத்தி என்று மட்டும் கிளம்பிவிட வேண்டாம்.

ஏற்காடு, புதன்

கவாத்துக் கத்தி ஏற்கெனவே வேறு கத்தி. கிளை வெட்டுவது. இதை வைத்துக் கிளையை அறுத்தால் கீல் தளரும்.

அஸ்தம்பட்டி, வியாழன்

மூன்று பேர் மடக்குக்கத்தி பக்கம் வந்துவிட்டார்கள். குகையார் பதில் இல்லை. தலைப்பு ‘மடக்குக்கத்தி: வெட்டுவது மட்டுமா?’ குறடு உள்ள வகைக்கு உள்ளே ‘குறடு வைத்தது’ என்று எழுதிவிட்டேன்.

சூரமங்கலம், வியாழன் இரவு

அச்சிடுங்கள். ஆனால் ‘மடக்கு’ வினை என்றால் மடக்குகத்தி, பெயர் என்றால்தான் மடக்குக்கத்தி. எது என்று அடிக்குறிப்பு வேண்டும். நான் மடிகத்தி என்றே எழுதுவேன்.